வெறும் கூடா?

போன மாதம் அம்மாச்சியை அடக்கம் செய்தோம். மாமா இப்போது போகிற சபையிலிருந்து ஒரு போதகர் வந்திருந்தார். அழுதுகொண்டிருந்த அம்மாவைப் பார்த்து, "ஏன்மா அழுறீங்க? ஆத்துமா ஆண்டவர்கிட்ட போயாச்சு. இது வெறும் கூடுதானே" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். நம் ஊரில் எந்த மதத்துச் சாவு வீட்டிலும் யாராவது ஒருவர் இதைச் சொல்லிவிடுவார். எனக்குத்தான் சுருக்கென்றது.

பெட்டிக்குள் அம்மாச்சியின் கைகளில் ஜெபமாலை சுற்றியிருந்தது. முப்பது வருடம் அண்டியாபீஸில் முந்திரி உடைத்த கைகள். தோட்டு எண்ணெய் பட்டுப் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்து, ரேகையே அழிந்துபோயிருந்தது. ரேஷன் கடைக் கைரேகை மெஷினில் விரலை மாற்றி மாற்றி வைத்துவிட்டுத் திட்டிக்கொண்டே திரும்பி வருவார். அந்தக் கையில் சோறு வாங்கித் தின்றவனிடம் போய் கூடு என்றால்?

சரி, பாசம் இருக்கட்டும். கிறிஸ்தவ விசுவாசப்படியும் அந்தப் பேச்சு பாதிதான் சரி. கோயிலில் கிழடுகட்டைகள் இன்றும் பழைய நடையில், "சரீர உத்தானத்தை விசுவசிக்கிறேன்" என்றுதான் சொல்வார்கள். உடம்பு உயிர்த்தெழும் என்று அர்த்தம். சரீரம்! ஆத்துமா சாகாது என்று கிரேக்கத் தத்துவ ஞானிகளும் சொன்னார்கள்; அதற்காக யாரும் அவர்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. செத்த உடம்பு எழுந்திருக்கும் என்று அப்போஸ்தலர் பவுல் ஏதென்ஸில் சொன்னபோதுதான் சிரித்தார்கள்.

இந்த நம்பிக்கை எதிரிக்கு எவ்வளவு நன்றாகப் புரிந்திருந்தது என்பதற்கு 177ஆம் ஆண்டு லியோன் நகரில் கிறிஸ்தவர்களுக்கு நடந்தது சாட்சி. இன்றைய பிரான்ஸ், அன்று ரோமர் ஆட்சி. தொண்ணூறு வயது தாண்டிய ஆயர் பொத்தினுஸ் அடிபட்டுச் சிறையில் செத்தார். பிளாந்தினா என்ற அடிமைப்பெண்ணை வலையில் சுற்றிக் காளையின் முன் போட்டார்கள். அங்கே தப்பியவர்கள் எழுதிய கடிதத்தைப் பிற்பாடு யூசேபியுஸ் தன் திருச்சபை வரலாற்றில் சேர்த்து வைத்தார். அதில் என்னை உலுக்குவது கொலை அல்ல, அதற்குப் பிறகு நடந்தது. உடல்களை ஆறு நாள் வெட்டவெளியில் போட்டு இரவும் பகலும் காவல் வைத்தார்கள். மிஞ்சிய கிறிஸ்தவர்கள் புதைக்கக் கேட்டுக் கெஞ்சினார்கள், காசும் கொடுத்துப் பார்த்தார்கள், காவலர்கள் மசியவில்லை. அப்புறம் எரித்து, சாம்பலைக்கூட மிச்சம் வைக்காமல் ரோன் ஆற்றில் கரைத்துவிட்டார்கள். இவர்கள் சாவுக்கு அஞ்சாததே உயிர்த்தெழுவோம் என்ற தைரியத்தில்தான், அதையும் இல்லாமல் ஆக்கிவிடுவோம், இனி எப்படி எழுந்திருக்கிறார்கள் பார்ப்போம் என்பது அவர்கள் கணக்கு.

சாம்பலைக் கரைத்ததால் அந்த நம்பிக்கை கரையவில்லை. மண்ணிலிருந்து மனிதனை உண்டாக்கியவருக்கு ஆற்றுத் தண்ணீர் ஒரு தடையா? (கத்தோலிக்கத் திருச்சபை 1963இல் எரியூட்டலுக்கு அனுமதி கொடுத்ததும் இதனால்தான் முடிந்தது. சாம்பலைத் தூவக் கூடாது என்று 2016இலும் சொன்னது என்பது வேறு விஷயம்.)

எங்கள் பக்கத்துக் கதையும் இதுதான். 1752 ஜனவரி 14, ஆரல்வாய்மொழி காற்றாடிமலை. கிறிஸ்தவராக மாறிய தேவசகாயம் பிள்ளையைச் சுட்டுக்கொன்று உடலை அப்படியே காட்டில் போட்டார்கள். மிஞ்சியதை மக்கள் பொறுக்கி எடுத்துவந்து கோட்டாறு சவேரியார் கோயிலுக்குள் பீடத்தருகே புதைத்தார்கள். 2022 மே 15இல் ரோமில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது அம்மாச்சி டிவி முன்னால் முழங்காலில் நின்றார். வெறும் கூடு என்று நினைத்திருந்தால் காட்டுக்குப் போய் யார் எலும்பு பொறுக்கியிருப்பார்கள்?

மாமாவின் வாட்ஸ்அப்பில் வேறு உலகம் ஓடுகிறது. எங்கே போர் வந்தாலும், கிரகணம் வந்தாலும் இயேசு வந்து தம்மவர்களை மேலே எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகை நெருங்கிவிட்டது என்று ஒரு வீடியோ. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் ஆட்கள் இயேசு வருவார் என்று 1844 அக்டோபர் 22 என்று நாள் குறித்துக் காத்திருந்தார்கள். ரேடியோவில் பிரசங்கித்த ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார். அது பொய்த்ததும் அக்டோபர் 21 என்றார். நான் மறுபடியும் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தலில் ஆறாம் அதிகாரத்தை எடுத்துப் பார்த்தேன். பீடத்தின் கீழே இருக்கும் வேதசாட்சிகளின் ஆத்துமாக்கள், "எதுவரைக்கும் ஆண்டவரே?" என்று கேட்கிறார்கள். தேதி கிடைக்கவில்லை. வெள்ளை அங்கி கொடுத்து, இன்னும் கொஞ்சக் காலம் இளைப்பாறுங்கள் என்கிறார். உயிரைக் கொடுத்தவர்களுக்கே சொல்லாத தேதி யூடியூப்காரருக்கு எப்படிக் கிடைத்தது?

மேகங்கள்மேல் எடுத்துக்கொள்ளப்படுவோம் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதியிருக்கிறதே என்பார் மாமா. எழுதியிருக்கிறதுதான். ஆனால் பவுல் அதை எழுதியது செத்தவர்களை நினைத்துக் கலங்கியவர்களைத் தேற்ற. யாரையும் மிரட்ட அல்ல. போதகரும் சரீரத்தைக் கூடாரம் என்று பவுலே சொல்கிறார் என்று எடுத்துக் காட்டக்கூடும். அதே இடத்தில் அடுத்தடுத்த வரிகளைப் படிக்கட்டும்: களைந்துபோட அல்ல, மேலே இன்னொன்று உடுத்திக்கொள்ளவே ஏங்குகிறோம் என்கிறார்.

வேதசாட்சிகளின் தழும்புகள் உயிர்த்த உடலிலும் இருக்கும், அவை அங்கே ஊனமாக இராமல் மகிமையாக இருக்கும் என்று எழுதினார் பழங்கால ஆயர் அகுஸ்தீன். உயிர்த்த இயேசுவே ஆணிக்காயத்தோடுதானே தோமாவின் முன் வந்து நின்றார்?

அண்டியாபீஸ் வேலை இரத்தசாட்சியத்தில் சேராது, தெரியும். இருந்தாலும் அந்தக் கறுத்த விரல்களைத்தான் நான் தேடுவேன்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்கு முன் சிலுவைக்கு வெள்ளையடிக்க வேண்டும். மாமாவும் வருகிறேன் என்றிருக்கிறார். மெழுகுதிரி கொளுத்த மாட்டாராம், புல் பிடுங்கித் தருவாராம்.