ஒரு நூல்தானேன்னு இன்னொரு தடவை சொல்லாதீங்க!

ஒட்டுத்துணிப் போர்வைக்கு இன்னைக்கும் வந்துடுச்சு ஒண்ணு. மத்து டிசைன் போட்ட சதுரம். ஸ்கேலை வெச்சா மேல 12 இன்ச், நடுவுல 11½. கேட்டது 12½! வரிசைக்கு நாலுன்னு பதினாறு பேர் ஆளுக்கொரு சதுரம் தைச்சு ஒரே போர்வையா இணைக்கிறோம். சமையலறைதான் தலைப்பு. ஒருத்தர் அளவு தப்பினா பக்கத்துல இருக்கிற எல்லார் வேலையும் கோணிக்கும். கேட்டா, "ஒரு நூல்தானே அக்கா, இழுத்துப் பிடிச்சா சரியாயிடும்". ஆகாதும்மா! நூல்னா தையல்காரங்க அளவு, இன்ச்சுல எட்டுல ஒரு பங்கு.

வெண்ணெய் கடையிற மத்தை வெச்சுத்தான் வெள்ளைக்காரங்க இந்த டிசைனுக்கு சர்ன் டேஷ்னு பேர் வெச்சாங்க. பார்க்க லேசு. நடுவுல 4½ சதுரம் ஒண்ணு. 2½க்கு 4½ பட்டை கலர்ல நாலு, வெள்ளைல நாலு. மூலைக்கு 5 இன்ச் சதுரம் கலர்ல ரெண்டு, வெள்ளைல ரெண்டு. கலர் மேல வெள்ளையை வெச்சு மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டுக்கு ரெண்டு பக்கமும் கால் இன்ச் தள்ளித் தைச்சு, கோட்டுலயே வெட்டி, 4½க்கு ஓரம் நறுக்கணும். பட்டையைக் கலரும் வெள்ளையுமா ஜோடி சேர்த்து, எல்லாத்தையும் மூணுக்கு மூணா அடுக்கித் தைக்கணும். அவ்வளவுதான்.

தையல் விடுறது கால் இன்ச். ரெண்டு நூல். ஜாக்கெட் தைச்சுப் பழகின கை மூணு நூல் விட்டுடுது. என்ன ஆகும்? ஒவ்வொரு தையல்லயும் ரெண்டு பக்கமும் ஒரு நூல் போச்சு, ஆக கால் இன்ச். மேல் வரிசையில ரெண்டு தையல், அரை இன்ச் காலி. நடு வரிசையில பட்டை ஜோடி சேர்த்த தையலும் இருக்கே, மொத்தம் நாலு! ஒரு இன்ச் காலி. அப்புறம் 12ஐயும் 11½ஐயும் பல்லைக் கடிச்சு இழுத்துத் தைச்சா நடுவுல அப்பளம் மாதிரி உப்பாம என்ன பண்ணும்?

கால் மிஷின்ல ஃபுட் (துணியை அழுத்திப் பிடிக்குமே, அது) ஓரத்தை நம்பாதீங்க. ஊசிக்குக் கீழ ஸ்கேலை வெச்சு, கால் இன்ச் தள்ளி மிஷின் தட்டுல பிளாஸ்திரியை நாலு மடிப்பா ஒட்டுங்க. 1½ இன்ச் பட்டை மூணை சேர்த்துத் தைச்சுப் பாருங்க. நடுப்பட்டை சரியா ஒரு இன்ச் நிக்கணும். நின்னாத்தான் நல்ல துணியில கை வைக்கணும். நைஞ்சு நீண்டுபோன பழைய இன்ச் டேப்பைத் தூக்கிப் போடுங்க, ஸ்டீல் ஸ்கேல் வாங்குங்க.

இஸ்திரியைத் தேய்க்காதீங்க, தூக்கித் தூக்கி அழுத்துங்க. மூலைச் சதுரத்து முக்கோணத்துல குறுக்கா வெட்டின ஓரம் இருக்கு, தேய்ச்சா ரப்பர் மாதிரி நீளும்.

போன போர்வைல வந்த அந்த சிவப்பு! வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டுல கட் பீஸ் வாங்கினா நனைக்காம தைக்கவே கூடாது. கடைக்காரர் சாயம் போகாதுன்னு சொன்னாராம். ஈர வெள்ளைத் துணியால அழுத்தித் தேய்ச்சுப் பார்க்க ஒரு நிமிஷம் ஆகுமா? அது பண்ணாததால, அந்தப் போர்வையை முதல் தடவை அலசினப்ப பக்கத்து வீட்டம்மா தைச்ச இட்லிப்பானை சதுரமெல்லாம் ரோஸ் கலர். அவங்க அதுல ஆவி வர்ற மாதிரி கையாலயே எம்பிராய்டரி போட்டிருந்தாங்க, சங்கிலித் தையல்ல, ரெட்டை இழையில. வயிறு எரியுது.

எல்லாத்துக்கும் மேல, துணி வெட்டுற கத்தரியில பால் பாக்கெட் வெட்டினது யாரு? நுனி மழுங்கிக் கிடக்கு!