ஓட்டுப் போதவில்லையாம், மூடிவிட்டார்களாம்

நேற்று நான் போட்ட ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தவர்களுக்கு மறுபடி கதை சொல்ல வேண்டியதில்லை. பார்க்காதவர்கள் கீழே போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் நாலு பேர் போய் எட்டிப் பார்ப்பீர்கள், அதுவும் அவர்களுக்குத்தான் லாபம். விஷயம் இவ்வளவுதான்: "எந்த வேலைக்கு எந்த மென்பொருள் நல்லது" என்று தேடித்தரும் தளம் அது. "உங்கள் யோசனையைச் சொல்லுங்கள், காது கொடுத்துக் கேட்கிறோம்" என்று பலகை மாட்டியிருந்தார்கள். சொன்னேன். ஒவ்வொரு யோசனைக்கும் தளத்துக்கு வருகிறவர்கள் ஓட்டுப் போடுவார்கள். "போதுமான ஓட்டு இல்லை, குறுகிய தேவை" என்று ஒரே வரியில் மூடிவிட்டார்கள். மூடிய கையோடு இன்னொரு மின்னஞ்சல்: எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?

நான் கேட்டது சந்திரனுக்கு ராக்கெட் இல்லை. ஒவ்வொரு மென்பொருளின் பக்கத்திலும் விண்டோஸில் ஓடுமா, லினக்ஸில் ஓடுமா, இலவசமா, காசா என்று போட்டிருக்கிறார்கள் அல்லவா? அதோடு எந்த மொழியில் வேலை செய்யும் என்றும் போடுங்கள், அதை வைத்துத் தேட ஒரு ஃபில்டர் கொடுங்கள் என்றேன். அதையும் மூன்றாகப் பிரித்து எழுதியிருந்தேன். மெனு தமிழில் இருக்கிறதா என்பது ஒன்று. மெனு இங்கிலீஷாகவே இருக்கட்டும், உள்ளே தமிழில் டைப் அடிக்க முடியுமா என்பது இரண்டு. அடித்தது பிரிண்டிலும் பிடிஎஃப்பிலும் உடையாமல் வெளியே வருமா என்பது மூன்று. மூன்றும் வேறு வேறு. முதல் இரண்டிலும் தேறி மூன்றாவதில் கவிழ்ந்த மென்பொருள்கள் என் கடையில் ஏகப்பட்டது உண்டு.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக: சேலம் செவ்வாய்ப்பேட்டையில் டிடிபி கடை, அதாவது கணினியில் பக்கம் வடிவமைத்து அச்சுக்குக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், பில் புத்தகம், கண்ணீர் அஞ்சலி எல்லாம் உண்டு. ஆடி வந்தால் ஊரில் உள்ள மாரியம்மன் கோயில்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சமயத்தில் திருவிழா. பூச்சாட்டுதல், கம்பம் நடுதல், பொங்கல், வண்டி வேடிக்கை என்று நோட்டீஸ் அடிக்க வந்து நிற்பார்கள். இந்த ஊர் டிடிபி கடைகள் பலவற்றில் பக்கம் வடிவமைக்க இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருள்தான் ஓடுகிறது. அதன் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். இப்போது போனிலும் கணினியிலும் எல்லா மொழி எழுத்துக்கும் பொதுவாக இருக்கிற யூனிகோடு முறை என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. அதனால் பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடிக்க வேண்டும். ஆனால் வாடிக்கையாளர் மேட்டரை வாட்ஸ்அப்பில் யூனிகோடில் அனுப்புகிறார். மாற்றிப் போட்டால் பாதி எழுத்து மாறுகிறது. ஆகவே பேஜ்மேக்கருக்கு மாற்றாக, காசு கேட்காத ஒன்றைத் தேடினேன். எல்லாத் தளமும் கை காட்டியது ஸ்கிரைபஸ். பாராட்டு மழை. "அருமை", "தொழில்முறைத் தரம்" என்று விமர்சனங்கள்.

இறக்கினேன். "பொங்கல்" என்று அடித்தேன். ப தனியாக நிற்கிறது, கொம்பு அதற்குப் பின்னால் நிற்கிறது, துணைக்கால் எங்கேயோ தள்ளி நிற்கிறது.

காரணம் பிறகுதான் புரிந்தது. கணினிக்குள் ப முதலிலும் ஒகரக் குறி அடுத்தும் சேமிக்கப்படுகின்றன. திரையில் மட்டும் கொம்பு ப-வுக்கு முன்னால் ஏறி உட்கார வேண்டும். இந்த இடமாற்றத்தைச் செய்ய மென்பொருளுக்குள் தனியாக ஓர் எஞ்சின் வேண்டும். ஸ்கிரைபஸின் பழைய 1.4 வரிசையில் அது இல்லை. 1.5 என்ற சோதனை வரிசையில் சேர்த்தார்கள். நிலையான பதிப்பாக 1.6 வந்தது 2024 தொடக்கத்தில். இன்டிசைன் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் இதே சங்கதிதான்: பாராகிராஃப் அமைப்பில் 'வேர்ல்ட்-ரெடி' கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் வரும், தேர்ந்தெடுக்காவிட்டால் சிதறும். "1.4-ல் தமிழ் உடையும், புதியதைப் போடுங்கள்" என்று ஒரே ஒரு வரி அந்தப் பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு ஒரு ராத்திரி மிச்சம். ஸ்கிரைபஸ்காரர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை, அவர்கள் உழைத்துச் சரிசெய்து கொடுத்துவிட்டார்கள். "எல்லாம் தெரியும், எங்களிடம் கேள்" என்று கடை விரித்தவர்கள் மேல்தான் கோபம்.

இப்போது ஓட்டுக்கு வருகிறேன். அந்த ஃபில்டர் யாருக்கு வேண்டும்? தமிழில் வேலை செய்யும் மென்பொருள் தேடுகிறவனுக்கு. அவன் அந்தத் தளத்துக்கு வந்து தேடிப் பார்க்கிறான், ஒன்றும் கிடைக்கவில்லை, போய்விடுகிறான். இருந்து, இங்கிலீஷில் கணக்குத் தொடங்கி, மின்னஞ்சலை உறுதிசெய்து, யோசனைப் பக்கத்தைக் கண்டுபிடித்து, என் யோசனையைத் தேடி எடுத்து, அம்புக்குறியை அமுக்க அவனுக்கென்ன தலையெழுத்தா? அடிவாரத்தில் நிற்காமல் நேராக ஏற்காடு போகிற பஸ்ஸை விட்டுவிட்டு, "அடிவாரத்தில் யாருமே ஏறுவதில்லையே" என்று கணக்குக் காட்டுகிற மாதிரி இருக்கிறது. ஓட்டுப் போட வேண்டியவன் உள்ளே வரவே வழியில்லாத இடத்தில் ஓட்டை எண்ணினால் என்ன வரும்? ஏற்கெனவே உள்ளே சௌகரியமாக உட்கார்ந்திருப்பவர்களின் ஆசைதான் வரும். அதனால்தான் அங்கே அதிக ஓட்டு வாங்கிய யோசனைகளில் ஒன்று, கறுப்புப் பின்னணி இன்னும் கறுப்பாக வேண்டும் என்பது. வாழ்க.

குறுகிய தேவை என்ற சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் மட்டும் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் சுமார் 6.9 கோடி. இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் தனி. நான் தமிழுக்கு மட்டும்கூடக் கேட்கவில்லை, எல்லா மொழிக்கும் சேர்த்துத்தான் கேட்டேன். மலையாளத்துக்காரர், வங்காளத்துக்காரர், கெமர் எழுதுகிற கம்போடியாக்காரர் எல்லாருக்கும் இதே எழுத்து உடையும் வியாதிதான். இத்தனை கோடிப் பேரும் குறுகல். இன்னும் கறுப்பு கேட்டவர் அகலம்.

சரி, நேற்றைய பதிவில் வந்த அறிவுரைகளுக்கு வருவோம்.

"இலவசமாகக் கொடுக்கிற சேவையில் இவ்வளவு எதிர்பார்க்கலாமா?" என்று ஒருவர். இலவசம் யாருக்கு ஐயா? இந்த மாதிரித் தளங்கள் பலவற்றில் மென்பொருள் நிறுவனங்கள் ஒரு கிளிக்குக்கு இவ்வளவு என்று காசு கட்டி மேலே இடம் பிடிக்கின்றன. அந்தக் கிளிக் நாம். அது போக, அங்கே நானும் கூலியில்லாமல் வேலை பார்த்திருக்கிறேன். செத்துப்போன மென்பொருளை "இது இப்போது கிடைப்பதில்லை" என்று குறித்துக் கொடுத்தேன். தப்பான விலையைத் திருத்தினேன். ஸ்கிரீன்ஷாட் ஏற்றினேன். அப்போதெல்லாம் என் தேவை குறுகலாக இல்லை. பதக்கப் படமெல்லாம் கொடுத்து "எங்கள் சமூகத்தின் தூண்" என்றார்கள். தூண் வாயைத் திறந்ததும் ஓட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார்கள்.

"சின்ன டீமாக இருக்கலாம், எல்லாவற்றையும் செய்ய முடியாது." நியாயம், ஒத்துக்கொள்கிறேன். அப்படியென்றால் "இப்போது முடியாது, ஆள் இல்லை" என்று சொல்லியிருக்கலாம். நானே தனியாளாகக் கடை நடத்துகிறவள், அந்தக் கஷ்டம் எனக்குப் புரியாதா? ஆள் இல்லை என்பது வேறு, உன் தேவையே தேவை இல்லை என்பது வேறு.

"நண்பர்களிடம் சொல்லி ஓட்டு சேர்த்திருக்கலாமே." செய்திருக்கலாம். உறவினர், பள்ளித் தோழிகள், அபார்ட்மென்ட் குரூப் என்று எல்லாரையும் கெஞ்சி ஓட்டு வாங்கினால் தேவை உண்மையாகிவிடுமா? போங்கள்.

"நீங்களே ஒரு தளம் பண்ணிடுங்க ப்ரோ." முதலில், நான் ப்ரோ இல்லை. இரண்டாவது, ஓட்டலில் சாம்பாரில் உப்பில்லை என்று சொன்னால் நீயே ஓட்டல் வை என்பீர்களா?

ஓட்டு இல்லாமல் நடத்த முடியாது என்பதும் பொய். எஃப்-டிராய்டைப் பாருங்கள். 2010-ல் தொடங்கிய, திறந்த மூல ஆண்ட்ராய்டு செயலிகளுக்கான களஞ்சியம். அங்கே நட்சத்திரமும் இல்லை, விமர்சனமும் இல்லை. ஆனால் ஒரு செயலியில் விளம்பரம் இருந்தால் அதன் பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். உங்களைப் பின்தொடர்கிறது என்றால் அதையும் எழுதியிருப்பார்கள். நிரலைத் திறந்து காட்டாத ஒரு இணையச் சேவையை நம்பித்தான் ஓடுகிறது என்றால் அதையும். இந்த எச்சரிக்கை வேண்டுமா என்று பொதுக்குழு கூட்டி ஓட்டு எடுக்கவில்லை. பயன்படுத்துகிறவனுக்குத் தெரிய வேண்டிய தகவல், போட்டார்கள், அவ்வளவுதான். தமிழ் உடையும் என்பதும் அதே ரகத் தகவல்தான். அது வசதி இல்லை. மாத்திரை அட்டையில் இருக்கிற காலாவதித் தேதியை யாராவது ஓட்டெடுத்தா அச்சடிக்கிறார்கள்?

பெரிய ஆட்களும் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஃபிரெஷ்மீட் என்று ஒரு மென்பொருள் பட்டியல் தளம் 1997 முதல் இருந்தது, லினக்ஸ்காரர்களுக்குக் கோயில் மாதிரி. 2011-ல் ஃபிரீகோட் என்று பெயர் மாற்றினார்கள். 2014 ஜூனில் வருகை குறைந்துவிட்டது என்று சொல்லி, புதுப்பிப்பதை நிறுத்திவிட்டார்கள். மேலே நான் சொன்ன காரணத்தால்தான் அது போனது என்று சொல்லவில்லை. வருகைக் கணக்கை மட்டும் பார்த்து நடத்தினால் அந்தக் கணக்கு ஒருநாள் தன் பக்கமும் திரும்பும், அதைச் சொல்கிறேன்.

கடைசியாக, என்னை நேற்று ராத்திரி தூங்கவிடாத கமெண்ட். "இங்கிலீஷில் பழகிக்கொள்ள வேண்டியதுதானே, இந்தக் காலத்தில் தமிழில் யார் சாஃப்ட்வேர் தேடுகிறார்கள்?" எழுதியவர் வெளிநாட்டுக்காரர் இல்லை. நம் ஊர்க்காரர்தான். அவர் கல்யாணப் பத்திரிகை தமிழில்தான் அடித்தது, அடித்தவள் நான்தான்.

யார் தேடுகிறார்கள் என்று சொல்கிறேன். எங்கள் தெருவில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கும் பெரியவர் தேடுகிறார். 2017-ல் ஜிஎஸ்டி வந்ததிலிருந்து அவருக்குக் கணினி பில் வேண்டியிருக்கிறது. எடை, சேதாரம், கூலி, கழித்த பழைய வெள்ளி எல்லாம் பில்லில் வர வேண்டும். வேலை செய்கிற பெண்கள் படித்துப் பார்த்து, தங்கள் கூலி சரிதானா என்று தெரிந்துகொள்ள வேண்டும். நான் தளம் தளமாகக் காட்டி இதில் இது இருக்கிறது, அதில் அது இருக்கிறது என்று அடுக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஏம்மா, அதெல்லாம் கிடக்கட்டும், தமிழ்ல பில்லு வருமா வராதா, அத மட்டும் சொல்லு" என்றார். அந்த ஒரு கேள்விக்கு அத்தனை தளத்திலும் பதில் இல்லை. ஒவ்வொன்றாக இறக்கி, போட்டு, உடைகிறதா என்று பார்த்துத்தான் சொன்னேன். ஏற்காட்டில் காபி எஸ்டேட் கணக்குப் பார்க்கிற ஒரு தம்பியும் இப்படித்தான் வருவார். மழை பிடித்தால் மேலே நெட் போய்விடும், ஆஃப்லைனில் ஓடுவது வேண்டும், ஆட்கள் பெயர் தமிழில் வர வேண்டும். இவர்கள் யாரும் அந்தத் தளத்தில் ஓட்டுப் போடமாட்டார்கள். அப்படி ஒரு தளம் இருப்பதே இவர்களுக்குத் தெரியாது. இவர்களுக்காகத்தான் நான் போய்க் கேட்டேன். எனக்கு விளம்பர ஆசை என்று எழுதியவருக்கும் இதுதான் பதில்.

நான் போட்டுப் பார்த்தவற்றை எல்லாம் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன். எந்தப் பதிப்பில் தமிழ் வருகிறது, எதில் பிடிஎஃப் உடைகிறது, எது நெட் இல்லாமல் ஓடுகிறது என்று. வேண்டுகிறவர்கள் இன்பாக்ஸில் கேளுங்கள், அனுப்புகிறேன். அந்தத் தளத்துக்காரர்கள் யாராவது மொழிபெயர்த்துப் படித்துவிட்டு "எங்கள் சமூகத்தோடு பகிர்ந்துகொள்ள முடியுமா" என்று வந்தால் தரமாட்டேன். வேண்டுமானால் முதலில் ஓட்டு வாங்கிக்கொண்டு வரட்டும்.