மண்டையோட்டை வைத்து ஆணா பெண்ணா என்று சொல்லும் சூத்திரம் யாருடைய எலும்பில் இருந்து வந்தது?

மண்டையோட்டைச் சி.ரி. ஸ்கான் எடுத்து, முப்பரிமாணப் படத்தில் அளந்து, அந்த அளவுகளைச் சூத்திரத்தில் போட்டே இறந்தவர் ஆணா பெண்ணா என்று மதிப்பிடலாம் என்கிற கட்டுரையொன்றை வாசித்தேன், நல்லது. சதையை அகற்றாமலே அளக்கலாம், சந்தேகம் வந்தால் வேறொருவர் திரும்பவும் அளக்கலாம் என்பது பெரிய விஷயம். ஆனால் அந்தச் சூத்திரங்கள் எந்தச் சனத்தின் எலும்பில் இருந்து வந்தவை? ஆணையும் பெண்ணையும் பிரிக்க மேல்நாட்டாரை வைத்துப் போட்ட அளவெல்லையை இங்கே இலங்கையில் அப்படியே பிடித்தால், சிறிய உடல்வாகுள்ள எங்கட ஆணொருவர் பெண்ணென்று பதிவாகிவிடலாம்.

எங்கட அளவுகளை நாங்களே எடுக்க வேண்டும். தலையடி என்று ஆஸ்பத்திரிகளில் எடுக்கிற ஸ்கான்களை, பெயரை நீக்கி, உரிய அனுமதியோடு பாவிக்கலாம். ஸ்கான் தலையை அடுக்கடுக்கான வெட்டுகளாகப் படமெடுக்கும்; ஒரு வெட்டு 5 மில்லிமீற்றர் தடிப்பில் சேமித்த படம் சரிவராது. ஆணா பெண்ணா என்று பார்க்க அளக்கிற இடங்களில் ஒன்றான, காதுக்குப் பின்னால் விரலுக்குத் தட்டுப்படுகிற எலும்பு அதில் படிக்கட்டுப் போல வெட்டுப்பட்டுத் தெரியும். நுனி எது என்று எப்படிப் புள்ளி வைப்பது? 1 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ வேண்டும். உலோகம் அடைத்த பல் இருந்தால் சுற்றிலும் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் அடித்துத் தாடையை மறைக்கும், அதுவும் கவனம்.

2004 சுனாமியில் எங்கட திருகோணமலைக் கரையிலும் எத்தனை உயிர் போனது! அதே சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலரைப் பல் பதிவுகளை வைத்தே அடையாளம் கண்டார்கள். மண்டையோட்டு அளவு தேடலைச் சுருக்கும், பெயரைத் தராது. ஆகவே பல் வைத்தியர்களே, எந்தப் பல்லைப் பிடுங்கினீர்கள், எதை அடைத்தீர்கள் என்று தயவுசெய்து எழுதி வையுங்கள்.