மால்டாவுக்குப் போகிறவர்கள் நிலத்தடியையும் பார்க்க வேண்டும்
மத்தியதரைக் கடல் தீவுநாடான மால்டாவைப் பற்றிய பயணக் கட்டுரையைப் படித்தேன். அந்நாட்டின் வரலாற்றை 1530இல் புனித யோவான் வீரத்துறவிகள் என்னும் கத்தோலிக்கப் போர்வீரத் துறவியர் வந்திறங்கியதிலிருந்து கட்டுரையாளர் தொடங்கியிருப்பது எனக்குச் சற்றுக் குறையாகவே படுகிறது. 1565ஆம் ஆண்டு ஒட்டோமான் துருக்கியரின் முற்றுகையும், மறு ஆண்டு அடிக்கல் நாட்டப்பட்ட தலைநகர் வல்லெட்டாவும் முக்கியமானவைதாம். ஆனால், எகிப்தியப் பிரமிடுகளுக்கும் முற்பட்ட கற்கோயில்களைக் கொண்ட தீவுநாடு இது என்பதை ஒரு வரியிலாவது சொல்லியிருக்கலாம். மால்டாவின் மற்றொரு தீவான கோசோவிலுள்ள ஜகன்தியா கற்கோயில்களின் சுண்ணாம்புக்கல் சுவர்கள் 5,500 ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. 1902இல் வீடு கட்டும் பணிக்காகப் பாறையை வெட்டியவர்கள் தற்செயலாகக் கண்டறிந்த ஹால் சஃப்லியேனி, மூன்று அடுக்குகளாகக் குடையப்பட்ட நிலத்தடி ஈமக்கூடம். அதன் கூரையில் செங்காவியால் தீட்டிய சுருள்கள் இன்றும் தெரிகின்றன. பார்வையாளர்களின் மூச்சுக்காற்றே அவ்வோவியங்களைக் கெடுத்துவிடும் என்பதால் நாள்தோறும் மிகச் சிலரையே அனுமதிக்கிறார்கள். ஆகவே, விமானச் சீட்டுக்கு முன்பே இதற்கான நுழைவுச்சீட்டை உறுதி செய்துகொள்வது நல்லது.

வல்லெட்டாவின் புனித யோவான் பேராலயத்தைக் கட்டுரை பாராட்டியது பொருத்தமே. அங்குள்ள, புனித யோவானின் தலை வெட்டப்படுவதைக் காட்டும் இத்தாலிய ஓவியர் காரவாஜ்ஜோவின் 1608ஆம் ஆண்டு ஓவியத்தில், வெட்டுண்ட கழுத்திலிருந்து வழியும் இரத்தத்திலேயே ஓவியர் தம் பெயரை எழுதியிருப்பதை அருகில் நின்று தேடிப் பார்க்க வேண்டும். அவர் கையொப்பமிட்டதாக நாம் அறியும் ஓவியம் இது ஒன்றுதான்.

ஒரு திருத்தம்: கட்டுரையில் படமாக இடம்பெற்றுள்ள கோசோவின் 'நீலச் சாளரம்' என்னும் பாறை வளைவு 2017 மார்ச் மாதப் புயலில் இடிந்து கடலுக்குள் விழுந்துவிட்டது. அதைக் காணவென்று யாரும் படகேற வேண்டாம். ஜகன்தியாவுக்காகத் தாராளமாகப் போகலாம்.