ஆடிய கிளியும் தோற்ற ஸ்டார்லிங்கும்

வளர்ப்புக் கிளி பாட்டுக்குத் தலையாட்டும் வீடியோ ஒன்று அவ்வப்போது சுற்றுக்கு வரும். 'இசைக்கு மயங்காத உயிர் உண்டா' என்று கீழே வரிசையாக எழுதியிருப்பார்கள். அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. பேச்சு அத்தோடு முடிந்துவிடுவதுதான் வருத்தம். பெரும்பாலான உயிர்கள் நம் இசைக்கு அசைவதே இல்லை. எந்த உயிர் எந்த இடத்தில் தவறுகிறது என்று பார்த்தால்தான், மனிதருக்கு இசையும் பேச்சும் எப்படி வாய்த்தன என்பதற்குத் துப்பு கிடைக்கும் என்பது என் கருத்து.

தாளத்தை உணர்வது அநேகமாக எல்லா விலங்குகளுக்கும் பொது என்று 1871இல் டார்வின் எழுதினார். பேச்சு வருவதற்கு முன்பே நம் முன்னோர் இணையைக் கவர ஏதோ ஒரு வகையில் பாடியிருப்பார்கள் என்றும் நினைத்தார். கேட்க அழகாக இருக்கிறது. ஆனால், திருவிழா மேளத்தைத் தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவரும் தெருநாய் ஏன் ஒருநாளும் தாளத்துக்குக் காலை எடுத்து வைப்பதில்லை?

அமெரிக்காவின் இண்டியானாவில் ஒரு பறவைக் காப்பகத்தில் இருந்த ஸ்னோபால் என்ற காக்கட்டூ (கொண்டையுள்ள ஒரு கிளி வகை) ஆடியது. யாரும் அதைப் பழக்கவில்லை. இசையும் மூளையும் பற்றி ஆராயும் அனிருத் படேலின் குழுவினர் பாட்டின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் போட்டுப் பார்த்தார்கள். விட்டு விட்டுத்தான் என்றாலும், கிளியும் தன் ஆட்டத்தின் வேகத்தை மாற்றிக்கொண்டது. 2009இல் இது வெளியானது. கேட்ட ஒலியைத் திருப்பிச் சொல்லிப் பழகும் உயிர்களுக்கு மூளையில் காதுக்கும் அசைவுக்கும் நெருக்கமான இணைப்பு தேவை, தாளத்துக்கு ஆடும் திறன் அதன் உபவிளைவு என்பது படேலின் விளக்கம். கிளிக்கும் நமக்கும் அது இருக்கிறது, நாய்க்கு இல்லை. அப்புறம் 2013இல் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸில் ரோனன் என்ற கடற்சிங்கம் வந்தது. ஒலியைப் போலச்செய்யும் திறன் அந்த இனத்துக்கு இருப்பதாகத் தெரியவில்லை. ஆனாலும் பயிற்சி கொடுத்ததும், அதுவரை கேட்டிராத பாட்டுக்குக்கூட ரோனன் சரியாகத் தலையசைத்தது. படேலின் கருதுகோள் ஆட்டம் கண்டது. ஒரே ஒரு விலங்கு இப்படி ஒரு நல்ல கருத்தை மறுபடி யோசிக்க வைக்கிறதே, இந்தத் துறை எனக்குப் பிடித்ததற்கு அதுதான் காரணம்.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது ஸ்டார்லிங். மைனாவின் குடும்பம்தான். ஒரு பாட்டை 1 கட்டையில் பாடினாலும் 5 கட்டையில் பாடினாலும் நமக்கு அது அதே பாட்டுதான். ஸ்டார்லிங்குக்கு ஒரு மெட்டைப் பழக்கிவிட்டு, சுருதியை நன்றாக ஏற்றியோ இறக்கியோ வாசித்தால் அதற்கு அடையாளம் தெரிவதில்லை. அவ்வளவு இனிமையாகப் பாடும் பறவைக்கா இப்படி என்று தோன்றும். 2016இல் படேலும் சான் டியாகோ ஆய்வாளர்களும் அதே பறவைகளுக்கு வேறொன்றைக் கேட்கவைத்தார்கள். சுரத்தின் ஏற்ற இறக்கத்தை நீக்கிவிட்டு, ஒலியின் நிறத்தை, அதாவது ஒரே சுருதியில் வாசித்தாலும் வீணையையும் குழலையும் நாம் பிரித்தறிய உதவும் தன்மையை, மட்டும் வைத்தார்கள். இப்போது அடையாளம் கண்டுகொண்டன! நாம் பேச்சைக் கேட்பதும் ஏறத்தாழ இப்படித்தான். 'அம்மா' என்பதைக் குழந்தை கீச்சுக்குரலில் சொன்னாலும் தாத்தா கட்டைக்குரலில் சொன்னாலும், சுருதியை விட்டுவிட்டு ஒலியின் வடிவத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அதாவது, நாம் பேச்சைக் கேட்கும் விதத்தில் அந்தப் பறவை மெட்டைக் கேட்கிறது. இந்தத் தோல்வி கண்ணில் படாமல் போயிருந்தால் இது நமக்குத் தெரிந்திருக்காது.

ஆகவே 'விலங்குக்கு இசை உண்டா' என்று மொத்தமாகக் கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. தாளம், சுருதி, ஒலியின் நிறம் எல்லாம் தனித்தனித் திறன்கள். ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேவைக்காக வந்திருக்கலாம்.

மடகாஸ்கரில் இந்திரி என்ற லெமூர் (குரங்குக்குத் தூரத்து உறவான விலங்கு) குடும்பமாகச் சேர்ந்து பாடும். காட்டில் பல ஆண்டுகள் ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்ததில், சம இடைவெளித் தாளமும் ஒன்றுக்கு இரண்டு என்ற தாளமும் (ஓர் இடைவெளி மற்றதைப் போல இரு மடங்கு) அதன் பாட்டில் இருப்பதாக 2021இல் தெரிய வந்தது. இரண்டும் மனித இசையில் சர்வசாதாரணம். இந்திரியைக் கூண்டில் வளர்க்க முடிந்ததில்லை, காடும் அழிந்து வருகிறது.

நம் நாட்டிலும் பாடும் வாலில்லாக் குரங்கு இருக்கிறது. அஸ்ஸாமின் ஹூலக் கிப்பன். ஆணும் பெண்ணும் காலையில் சேர்ந்து பாடும். அவை வாழும் ஹொல்லொங்காபார் சரணாலயத்தின் ஊடாக ரயில் பாதை ஓடுகிறது. பாதையின் இருபுறமும் பல ஆண்டுகளுக்கு ஒலிப்பதிவு செய்ய நம் பல்கலைக்கழகங்கள் பணமும் ஆட்களும் ஒதுக்க வேண்டும். இந்திரியிடம் கேட்ட அதே கேள்வியைக் கிப்பனிடமும் கேட்க வேண்டும்.