மார்ச் 31-க்கு டார்கெட், ஏப்ரல் 15-க்குத் தடைக்காலம்

மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் மீன், இறால், நண்டு வாங்கி வெளியூருக்கு அனுப்பும் கம்பெனிகளுக்குக் கணக்குப் பார்ப்பது என் தொழில். அந்த உரிமையில் சொல்கிறேன்: தொழில் நடத்துபவர்களுக்கு சாஃப்ட்வேர் விற்கும் நிறுவனங்கள் தங்கள் விற்பனை ஆட்களைப் பிரித்து வைத்திருக்கும் முறையில் எங்கள் கடற்கரை எந்தக் கட்டத்திலும் அடங்கவில்லை.

பெரிய வாடிக்கையாளர் என்றால் தனி மேனேஜர், கூடவே டெக்னிக்கல் ஆள், நேரில் வருவார்கள். சின்னவர் என்றால் போன், இல்லாவிட்டால் டீலர். மைக்ரோசாஃப்ட்கூட 2017 ஜூலையில் பெரிய நிறுவனங்களுக்குத் தனி, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குத் தனி என்று தன் விற்பனைப் பிரிவை மாற்றி அமைத்தது. சில ஆயிரம் ரூபாய் சந்தாவுக்கு சென்னையிலிருந்து ஆள் அனுப்பினால் கட்டுப்படியாகாது, அது நியாயம்தான்.

யார் பெரியவர் என்பதை எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அனேகமாக, எத்தனை பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்காருகிறார்கள் என்பதை வைத்து. சீசனில் லாரி லாரியாகச் சரக்கு ஏற்றும் கம்பெனியிலும் கணக்கு அறையில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். உடனே அது 'போன் மட்டும்' பட்டியலுக்குப் போய்விடுகிறது.

அந்த போனும் எப்போது வரும்? இங்கே விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும், மறுநாள் காலை கரைக்கு வரும். கூடை கூடையாகச் சரக்கு இறங்கி எடை நடக்கிற நேரம் பார்த்து, "சார், ஒரு டெமோ பார்க்கலாமா?" என்பார்கள்.

2023 ஆகஸ்ட் 1 முதல் ஆண்டு விற்றுமுதல் 5 கோடியைத் தாண்டினாலே இ-இன்வாய்ஸ், அதாவது மற்ற கம்பெனிகளுக்குப் போடும் பில்லை அரசின் ஜிஎஸ்டி இணையதளத்தில் பதிவு செய்வது, கட்டாயம் என்றானதும் இந்த அழைப்புகள் கூடிவிட்டன. அப்போது ஒரு கம்பெனியில் புது சாஃப்ட்வேர் வாங்கினார்கள். பேசி முடித்தவர் ஒருவர், டெமோ காட்டியவர் வேறொருவர், கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தவர் மூன்றாமவர். படகுக்காரருக்குக் கொடுத்த முன்பணத்தை ஒவ்வொரு நாள் சரக்கிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழிக்க வேண்டும், இறாலுக்குக் கிரேடுவாரியாக விலை போட வேண்டும் என்று முதலாமவரிடம் முதலாளி விரிவாகச் சொல்லியிருந்தார். மூன்றாமவர் கொண்டுவந்ததோ மளிகைக்கடையில் பில் போடும் மெஷின். அதுவும் தொடுதிரை. ஐஸ் தண்ணீர் சொட்டும் விரலால் தொட்டால் அது எதையாவது எடுத்துக்கொள்ளும். எடை போடும் பெண் இரண்டே நாளில் பழையபடி சிட்டை எழுத ஆரம்பித்துவிட்டார். எடைக் கொட்டகைக்குள் ஒரு காலை நேரம் நின்று பார்த்திருந்தால் அந்த மெஷினை யாரும் இங்கே கொண்டுவந்திருக்க மாட்டார்கள்.

எனக்குப் பெரிய கோபம் மார்ச் மாதத்தில்தான். வருடக் கடைசி டார்கெட்டுக்காகத் தள்ளுபடி, கெஞ்சல் எல்லாம் நடக்கும். மார்ச் 31-க்குள் பணம் கட்டினால் சந்தா அன்றே ஓட ஆரம்பிக்கும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு ஒன்றும் போகாது, கொட்டகை பூட்டிக் கிடக்கும். பழகிப் பார்க்கக்கூட சரக்கு இருக்காது. ஜூன் கடைசியில் சரக்கு வந்து, சந்தேகம் கேட்கக் கூப்பிட்டால், விற்றவர் வேறு ஏரியாவுக்குப் போயிருப்பார்.

டேலி என்ற கணக்கு சாஃப்ட்வேர் இந்த ஊர்களில் நிலைத்து நிற்பதற்கு அதை உள்ளூரில் விற்றுப் பராமரிக்கும் பார்ட்னர்கள்தான் காரணம் என்பது என் எண்ணம். தெரிந்த ஆள், கூப்பிட்டால் பைக்கில் வந்து நிற்பார். மற்றவர்களும் ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ ஒருவரை வைத்து, புது விற்பனைக்குத் தரும் கமிஷனை ஒவ்வொரு வருடப் புதுப்பித்தலுக்கும் தரட்டும். வாடிக்கையாளர் நிலைத்தால்தான் காசு என்றால், அந்த உள்ளூர் ஆளே தேடி வந்து குறை கேட்பார்.

அதுவரை நம் கம்பெனிக்காரர்களுக்கு: கையெழுத்துப் போடும் முன், சந்தா ஜூன் 15-லிருந்து தொடங்க வேண்டும் என்று கேளுங்கள். சாஃப்ட்வேர் கோளாறானால் யார் வருவார், எந்த ஊரிலிருந்து வருவார் என்பதை எழுதி வாங்குங்கள். டெமோவை ஆபீஸில் வைக்காதீர்கள், எடை நடக்கும்போது கொட்டகையில் வைக்கச் சொல்லுங்கள்.