குணமான சாட்சி என்னிடம் இல்லை

"இயேசு உங்களுக்கு எச்.ஐ.வி.யிலிருந்து முழுச் சுகம் கொடுத்துவிட்டாரா?" என்று கேட்கிறவர்கள் எல்லாருக்கும் என் பதில் ஒன்றுதான். இல்லை. கிருமி என் உடம்பில் இருக்கிறது. இயேசுவும் என்னோடு இருக்கிறார். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு மாத்திரை விழுங்கிவிட்டு ஜெபம் செய்து படுக்கிறேன், காலையில் எழுந்து வேலைக்குப் போகிறேன்.

ஏற்காட்டில் என்னைத் தெரிந்தவர்களுக்கு இது பழைய செய்தி. மற்றவர்கள் இன்று தெரிந்துகொள்ளட்டும். (நீதிமன்றம் உத்தரவிட்டால் ஒழிய, நோய் நிலையைச் சொல்லும்படி யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்பது 2017-இல் வந்த சட்டம். நான் சொல்வது என் விருப்பம். என்னைக் காட்டி இன்னொருவரிடம் "நீயும் சொல்" என்று நெருக்காதீர்கள்.)

என் கணவர் 2003-இல் இறந்தார். அரசாங்கம் எச்.ஐ.வி.க்கான கூட்டு மருந்தை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து நான் தேவனோடு போட்ட சண்டை கொஞ்சமில்லை. அன்றெல்லாம் நோயோடு போராடும் சிடி4 வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை 200-க்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை. உடம்பு கெடுவதற்காகக் காத்திருக்க வேண்டும். 2017 முதல் அந்தக் கொடுமை இல்லை. தொற்று உறுதியானதுமே சிகிச்சை. நடுவில் சாப்பிட்ட எஃபாவிரென்ஸ் என்ற மருந்து இரவெல்லாம் விபரீதக் கனவுகளைக் காட்டியது. இப்போது டொலுடெகிராவிர் உட்பட மூன்று மருந்துகள் ஒரே மாத்திரையில் அடங்கிவிட்டன.

சேலத்தில் மருந்து வாங்கிக்கொண்டு மலை ஏறும்போது, 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் பைக்குள் மாத்திரைக் குப்பி கலகலவென்று சத்தம் போடும். பக்கத்து இருக்கைக்காரர் திரும்பிப் பார்ப்பார். அதனால் பஸ் ஏறும் முன்பே மூடியைத் திறந்து பஞ்சைத் திணித்துவிடுவேன். குப்பியில் ஒட்டியிருக்கும் தாளை ஆஸ்பத்திரி வாசலிலேயே கிழித்து எறிந்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு.

எனக்குத் தைரியம் வந்தது பிரசங்கத்தால் அல்ல. எங்கள் சபையில் அப்பமும் திராட்சரசமும் பகிரும் திருவிருந்துக்கு எல்லாருக்கும் ஒரே பாத்திரம். என் விஷயம் ஊருக்குத் தெரிந்த பிறகு, நான் முழங்காலிட்டால் எனக்கு அடுத்த இடம் காலியாகவே கிடக்கும். யாருக்கும் சங்கடம் வேண்டாம் என்று கடைசி ஆளாகப் போக ஆரம்பித்தேன். அப்போதிருந்த ஆயர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு ஞாயிறு எனக்குக் கொடுத்து முடித்ததும் சபையைப் பார்த்துத் திரும்பி நின்று, பாத்திரத்தில் மீந்திருந்த திராட்சரசத்தைக் குடித்தார். தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடித்தார். மீந்ததை ஆயர் குடிப்பது வழக்கம்தான். எங்கள் பக்கம் முகத்தைத் திருப்பிக் குடித்தது வழக்கம் அல்ல. எச்சிலால் இந்தக் கிருமி பரவாது என்று அரை மணி நேரம் பேசியிருந்தால் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். அடுத்த திருவிருந்தில் காப்பித் தோட்டத்து மூத்த அம்மா ஒருவர் "கொஞ்சம் இடம் விடு கண்ணு" என்று சொல்லி என் பக்கத்தில் வந்து முழங்காலிட்டார்.

அதே விசுவாசத்தின் பெயரால் நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். என்னோடு மருந்து வாங்க வந்துகொண்டிருந்த ஒரு தங்கை, நல்ல பாட்டுக்காரி. இரத்தத்தில் கிருமி அளவு பார்க்கும் பரிசோதனையில் அவளுக்குக் 'கிருமி தென்படவில்லை' என்று முடிவு வந்தது. அந்தத் தாளை ஓர் ஊழியக்காரர் மேடையில் உயர்த்திப் பிடித்து, கர்த்தர் இவளைக் குணமாக்கினார் என்றார். கூட்டம் கைதட்டியது. அவளும் நம்பினாள், மாத்திரையை நிறுத்தினாள். கிருமி மறுபடியும் பெருகியது, காசநோய் மூளைக்கு ஏறியது. அவளுடைய அடக்க ஆராதனைக்கு அந்த ஊழியக்காரர் வரவில்லை.

தென்படவில்லை என்றால் கிருமி போய்விட்டது என்று பொருள் அல்ல. மாத்திரை அதைப் பெருகவிடாமல் அடக்கி வைத்திருக்கிறது, அவ்வளவுதான். சில அணுக்களுக்குள் அது உறங்கிக் கிடக்கும். நிறுத்தினால் சில வாரங்களிலேயே எழுந்துவிடும். அதே சமயம், மாத்திரையை விடாமல் சாப்பிட்டு அந்த அளவிலேயே வைத்திருப்பவரிடமிருந்து உடலுறவின் வழியாக இன்னொருவருக்குத் தொற்றாது. கர்ப்பிணி ஒழுங்காக மருந்து எடுத்தால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பை 5 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்துவிடலாம். அற்புதம் வேண்டுமென்றால் இதை மேடையில் சொல்லுங்களேன்!

மருந்து சாப்பிடுவது அவிசுவாசம் என்கிறவர்கள் வேதாகமத்தில் இரண்டாம் இராஜாக்கள் 20-ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்க்கட்டும். மரணப் படுக்கையில் எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தார். 15 வருடம் கூட்டித் தருவேன் என்று கர்த்தரே வாக்குக் கொடுத்தார். அதற்குப் பிறகுதான் ஏசாயா அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, பிளவையின் (கட்டியின்) மேல் பற்றுப் போடச் செய்தார். வாக்குப் பெற்ற ராஜாவுக்கே பற்றுத் தேவைப்பட்டதென்றால், எனக்கு மாத்திரை வேண்டாம் என்று சொல்ல இவர்கள் யார்? யாரால் வந்தது, யார் செய்த பாவம் என்று துருவுகிறவர்களுக்குப் பிறவிக் குருடனைப் பற்றிய யோவான் 9-ஆம் அதிகாரம் போதும். இவனும் பாவம் செய்யவில்லை, இவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று அந்தக் கேள்விக்கு இயேசு அன்றைக்கே பதில் சொல்லிவிட்டார்.

ஆயர்களிடமும் ஊழியக்காரர்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. எங்களுக்காகக் கை வைத்து ஜெபியுங்கள். ஜெபித்து முடித்ததும், "இன்றைக்கு மாத்திரை சாப்பிட்டாயா அம்மா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். எங்கள் பரிசோதனைத் தாளை மட்டும் மேடைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

யாராவது பேச்சைக் கேட்டு மருந்தை நிறுத்தியிருந்தால் நாளைக்கே சேலத்துக்கு பஸ் ஏறுங்கள். எந்த மையத்துக்குப் போவது என்று தெரியாவிட்டால் 1097-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை. பரிசோதனைதான் இன்னும் செய்யவில்லை என்றால், அரசு ஆஸ்பத்திரி நம்பிக்கை மையத்தில் அதுவும் இலவசம். இத்தனை நாள் ஏன் வரவில்லை என்று ஆலோசகர் திட்டுவார். வாங்கிக்கொண்டு, குப்பியையும் வாங்கிக்கொண்டு வாருங்கள்.